கேசட்டில் மிச்சமிருந்த நான்கு நிமிடம்

எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கும் நடுவில் இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில் வரும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகம் தமிழில் இருந்தது. பிள்ளையைத் தூங்கவைப்பதும், நடவு நடுவதும், சாவு வீட்டில் அழுவதும் இங்கே எங்களுக்குத் தமிழில்தான். விஷு கழிந்து மேற்கே பகவதி கோயில்களில் கண்யார்களி ஆடுகிற மலையாளிகளும் பல பாட்டுகளைத் தமிழ் கலந்துதான் பாடுகிறார்கள். பாட்டுக்கு இந்த வட்டாரத்தில் சோதனைச்சாவடி கிடையாது.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, லண்டனில் பிறந்து முப்பத்தொரு வயதில் இறந்துபோன சாண்டி டென்னி என்ற பாடகியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க வைத்தது ஆசை. இப்போது எழுத வைத்திருப்பது கோபம். அவரைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டாவது வரியிலேயே குடியும் மாடிப்படியும் வந்துவிடுகின்றன. ஒரு மனுஷி செத்த விதத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் போனால் போகிறது என்று பாட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். என் அத்தையைப் பற்றி ஊரில் விசாரித்தாலும் இதே கதைதான். “கடைசியில் நினைவு தப்பிக் கிடந்தாரே, அவரா?” என்பார்கள். அவர் நாற்பது வருடம் பாடியவர். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் முதலில் ஆள் போனது அவரைக் கூப்பிடத்தான்.

சாண்டியை எனக்குப் புரியவைத்ததும் அத்தைதான்.

1994ஆம் வருடம், ஆடி மாதம். சித்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உடன் படித்த மலையாளித் தோழியின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். இசைத்தட்டுகளிலிருந்து அவர் பதிவுசெய்து வைத்திருந்த தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று கைமாறி என்னிடம் வந்தது. உறையில் பென்சிலால், மலையாள எழுத்தில், ‘சாண்டி’ என்று மட்டும் எழுதியிருந்தது. கணவாய் வழியாக வந்த ஆடிக்காற்று தென்னை ஓலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேப்ரிக்கார்டரை வைத்துக் கேசட்டைப் போட்டேன்.

ஐந்தாறு பாட்டு போன பிறகு அந்தப் பாட்டு வந்தது. கிதார் மெதுவாக வழிவிட, ஒரு பெண்குரல் அவசரமே இல்லாமல் உள்ளே நுழைந்தது. மாலை வானத்தில் பறவைகள் புறப்பட்டுப் போகின்றன. கிளம்ப வேண்டிய நேரம் அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கிறது. காலம் எங்கே போகிறது, யாருக்குத் தெரியும் என்று முடிகிறது. அத்தைக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் முறத்தில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் கேட்டார்: “அழ வேண்டிய பாட்டுத்தானே கண்ணு இது? இவள் ஏன் அழாமல் பாடுகிறாள்?”

நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்: “அப்படித்தான் பாட வேண்டும். பாடுகிறவள் அழுதால் சொல் உடைந்துபோகும். அப்புறம் மற்றவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்?”

சாண்டியின் குரலைப் பற்றி அதற்குப் பிறகு நான் எவ்வளவோ படித்துவிட்டேன். இதற்கு மேலாக யாரும் சொல்லிவிடவில்லை.

அந்தப் பாட்டைச் சாண்டியே எழுதினார். 1967இல் அவர் அதைப் பாடிப் பார்த்த பழைய பதிவு இருக்கிறது. அப்போது அவருக்கு இருபது வயது. மறுவருடமே அமெரிக்காவில் பெயர்பெற்ற ஜூடி காலின்ஸ் அதைப் பாடி, இசைத்தட்டுக்கே அந்தப் பாட்டின் பெயரை வைத்தார். பிறகு நீனா சிமோனும் மேடையில் பாடினார். 2007இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள், தங்களுக்கு எக்காலத்திலும் பிடித்த நாட்டார் இசைப்பாட்டு இதுதான் என்று வாக்களித்தார்கள். இருபது வயதுப் பெண் எழுதிய பாட்டு அது. இழப்பு என்று சொல்ல அந்த வயதில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை. அவருடைய துயரங்களையெல்லாம் அடுக்கி வைத்து, அதனால்தான் பாட்டு அப்படி வந்தது என்கிறவர்களுக்கு இந்தத் தேதி ஒன்றே போதும்.

1947 ஜனவரி 6ஆம் தேதி, தென்மேற்கு லண்டனில், விம்பிள்டனை ஒட்டிய பகுதியில் பிறந்தவர். அப்பாவைப் பெற்ற பாட்டி ஸ்காட்லாந்துக்காரர்; கேலிக் மொழியில் பழம்பாட்டுகள் பாடியவர். பேத்தி பியானோ கற்றுக்கொண்டார். நர்ஸ் வேலை நிலையானது என்று வீட்டில் நினைத்தார்கள். கொஞ்ச காலம் லண்டன் மருத்துவமனை ஒன்றில் பயிற்சிக்கும் போனார். 1965இல் கிங்ஸ்டனில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். சாயங்காலமானால் கிதாரைத் தூக்கிக்கொண்டு நாட்டார் பாட்டு மன்றங்களுக்குப் போய்விடுவார். மதுக்கடை மாடியிலும் நிலவறையிலும் நாற்பது ஐம்பது பேர் கூடி, ஒருவர் மாற்றி ஒருவர் பாடுகிற இடங்கள் அவை. லண்டன் சோஹோவில் ‘லே கசின்ஸ்’ என்ற நிலவறை அப்படிப் பேர்போனது. கொஞ்ச நாள் ஸ்ட்ராப்ஸ் குழுவோடு பாடிவிட்டு, 1968 மே மாதம் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இளைஞர் குழுவில் சேர்ந்தார்.

ஃபேர்போர்ட் பையன்கள் அதுவரை அமெரிக்கப் பாட்டுகளையே சார்ந்திருந்தவர்கள். எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ், பேஸ். சாண்டியோ மன்றங்களில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்த பழைய ஆங்கிலப் பாட்டுகளோடு வந்தார். கச்சேரிக்கு முன்பு ஒப்பனை அறையில் அவர் சும்மா பாடுவார். பையன்கள் தங்கள் வாத்தியத்தை மெல்ல அதோடு சேர்ப்பார்கள். இப்படித்தான் ‘மாலுமியின் வாழ்வு’ என்ற பழம்பாட்டு உருவானது. கடலுக்குப் போன காதலனைத் தேடிப் படகில் போகிறவளின் கதை. பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரே மூச்சில் பதிவுசெய்தார்கள். டேவ் ஸ்வார்பிரிக் என்ற பிடில்காரரை அந்தப் பதிவுக்கு விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் சிம்பல் அலைபோல லேசாகச் சலசலக்கிறது. அதன்மேல் குரல் தனியாகப் போகிறது. காதலன் மூழ்கிவிட்டான் என்று தெரிந்த பிறகு குரல் நின்றுவிடுகிறது. கிதாரும் பிடிலும் கொந்தளிக்கத் தொடங்குகின்றன. கதாநாயகியின் அழுகையைச் சாண்டி வாத்தியங்களிடம் கொடுத்துவிட்டார். பிரிட்டிஷ் ஃபோக் ராக் என்று பின்னால் பேர் வைக்கப்பட்டது அந்தப் பதினோரு நிமிடத்தில் பிறந்தது என்பதே என் எண்ணம்.

அந்தப் பாட்டு வந்த இசைத்தட்டின் அட்டைப்படத்தை நான் வெகுகாலம் கழித்துத்தான் பார்த்தேன். குழுவின் பேர் இல்லை, தட்டின் பேரும் இல்லை. வயதான கணவனும் மனைவியும் தங்கள் வீட்டு வேலிக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர்கள்தாம் சாண்டியின் அப்பாவும் அம்மாவும். வேலிக் கம்பிகளின் இடுக்கில், தூரத்தில் புல்தரையில் குழுவினர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. மகள் பாடிச் சம்பாதிக்கிறாளா, இது நிலைக்குமா என்ற கேள்வி அந்த அம்மாவின் முகத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. எந்தத் திண்ணையிலும் பார்க்கக்கூடிய முகம்.

1969 மே 12ஆம் தேதி விடியற்காலையில், பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது குழுவின் வேன் நெடுஞ்சாலையில் புரண்டது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது பத்தொன்பது. கிதார்காரர் ரிச்சர்ட் தாம்ப்ஸனின் தோழியும் இறந்தார். சாண்டி அன்று வேறு வண்டியில் வந்ததால் தப்பினார்.

குழு கலைந்துபோகும் நிலை. ஆனால் அவர்கள் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லைன் என்ற சிற்றூரில் பெரிய வீடொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அந்தக் கோடை முழுக்கச் சேர்ந்து வாழ்ந்தார்கள், வாசித்தார்கள். புது டிரம்ஸ்காரர் வந்தார். ஸ்வார்பிரிக் முழுநேரமாகச் சேர்ந்தார். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்தில் உட்கார்ந்து பழம்பாட்டுகளைத் தோண்டி எடுத்தார். செசில் ஷார்ப் 1903இல் சாமர்செட் பகுதிக் கிராமமொன்றில் தோட்டக்காரர் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டதிலிருந்து பாட்டுச் சேகரிப்பைத் தொடங்கியவர். அப்புறம் வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கில் எழுதினார். அந்தக் கிழவர்களும் கிழவிகளும் போய் அறுபது வருடம் கழித்து, அவர் சேர்த்து வைத்தது மின்கிதாரோடு எழுந்து வந்தது. கொங்கு நாட்டில்கூட 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகர்களிடமிருந்து டேப்பில் பதிவுசெய்தார். எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளுக்கு அப்படி யாரும் வரவில்லை. அத்தையின் பாட்டுகள் அத்தையோடு போயின என்று எழுதும்போது கை கூசுகிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. நானும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் கோடையில் பிறந்த ‘லீஜ் அண்டு லீஃப்’ 1969 டிசம்பரில் வெளிவந்தது. என் கேசட்டின் இரண்டாம் பக்கம் அதுதான். அதில் ‘மேட்டி குரோவ்ஸ்’ என்ற கதைப்பாட்டு இருக்கிறது. பிரபு ஊரில் இல்லாத நேரம், அவன் மனைவி ஏழை இளைஞன் ஒருவனை வீட்டுக்கு அழைத்துவிடுகிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறான். பிரபு வந்து, தூங்குகிறவனை எழுப்பி, வாள் கொடுத்துச் சண்டையிட்டுக் கொல்கிறான். இப்போது யாரைப் பிடிக்கிறது என்று மனைவியைக் கேட்கிறான். உன்னைவிடச் செத்தவன் மேல் என்கிறாள். அவளையும் கொன்றுவிட்டு, இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்கிறான். ஆனால் அவள் பெரிய குடும்பத்துப் பெண், அவளை மேலே வையுங்கள் என்கிறான்.

அத்தைக்குக் கதையைத் தமிழில் சொன்னேன். குழிக்குள்ளும் மேல் கீழ் பார்த்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. “எல்லா ஊரிலும் அப்படித்தானா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “பாடுகிறவள் யார் பக்கம்?” என்றார்.

மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கமும் இல்லை. பிரபு பேசும்போதும், மனைவி பேசும்போதும், வேலைக்காரன் ஓடும்போதும் சாண்டியின் குரல் ஒரே நடையில் போகிறது. கொலை நடக்கிற அடியிலும் வேகம் கூடவில்லை. எங்கள் ஊர்க் கோயில் திடலில் விடிய விடிய அண்ணன்மார் கதை கேட்ட எனக்கு அந்த நடை புதிதில்லை. பொன்னரும் சங்கரும் விழுகிற படுகளத்தில் கூட்டத்தில் ஆட்கள் மயங்கி விழுவார்கள்; பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். உடுக்கைக்காரர் குரல் மட்டும் அப்படியே நிற்கும். அவர் குரல் ஆடிவிட்டால் விழுந்தவர்களை யார் எழுப்புவது?

இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே சாண்டி குழுவை விட்டுவிட்டார். குழு பழம்பாட்டின் பக்கம் முழுதாகத் திரும்ப நினைத்தது. அவருக்குத் தம் சொந்தப் பாட்டுகளை எழுத வேண்டும். தூர தேசத்துக்கு விமானத்தில் போவதும் பயம். ட்ரெவர் லூக்கஸ் என்ற ஆஸ்திரேலியரோடு சேர்ந்து ஃபாதரிங்கே என்ற குழுவை அமைத்தார். 1970இல் ஒரு தட்டு வந்தது, மறுவருடத் தொடக்கத்தில் குழு கலைந்தது. லூக்கஸைப் பிறகு மணந்துகொண்டார். 1970, 1971 இரண்டு வருடமும் ‘மெலடி மேக்கர்’ பத்திரிகை வாசகர்கள் அவரைச் சிறந்த பிரிட்டிஷ் பாடகியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1971இல் லெட் செப்பலின் என்ற பேர்பெற்ற ராக் குழு தன் நான்காவது தட்டில் ஒரு பாட்டுக்கு அவரை அழைத்தது. அந்தக் குழுவின் இசைத்தட்டுகளில் விருந்தினராக வந்து பாடிய ஒரே குரல் அவருடையதுதான். குழுவினர் நால்வரும் பேருக்குப் பதில் ஆளுக்கொரு சின்னம் போட்டுக்கொண்ட தட்டு அது; சாண்டிக்கும் மூன்று முக்கோணம் சேர்ந்த ஒரு சின்னம் கொடுத்தார்கள். பல பேருக்கு அவரைத் தெரிந்தது இதனால்தான். எனக்கு இது அவர் வாழ்க்கையில் ஒரு சின்னச் செய்தி.

எனக்குப் பெரியது 1971இல் தனியாக வெளியிட்ட முதல் தட்டும், 1972இல் ‘சாண்டி’ என்று தம் பேரிலேயே வெளியிட்டதும். கடல், குளிர்காலம், திரும்பி வராத கப்பல், ஆற்றங்கரை: பழம்பாட்டுகளின் சாமான்களை எடுத்துக்கொண்டு புது வீடு கட்டியிருக்கிறார். சில பாட்டுகளின் பொருள் எனக்கு இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. இரண்டாவது தட்டில் ஒரு பாட்டைத் தம் குரலையே பல அடுக்காகப் பதிவுசெய்து, வாத்தியமே இல்லாமல் பாடியிருக்கிறார். கடைசியில் ஸ்வார்பிரிக்கின் பிடில் மட்டும் வந்து சேரும். எதிர்க்குரல் கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வராத நாளில் அத்தை ஒருவரே இரண்டு குரலிலும் ஒப்பாரி பாடியது நினைவுக்கு வரும்.

அதற்குப் பின் வந்தவற்றில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 1974 தட்டிலும் 1977 தட்டிலும் வயலின் கூட்டத்தைக் கொண்டுவந்து குரலின் மேல் கொட்டிவிட்டார்கள். கேட்பவர் உருக வேண்டும் என்று ஜோடனை செய்திருக்கிறார்கள். அந்தக் குரலுக்கு அது தேவையே இல்லை. 1974இல் மறுபடி ஃபேர்போர்ட் குழுவில் சேர்ந்தார். மறுவருடம் ஒரு தட்டு வந்தது, அதோடு விலகினார். பேர் இருந்தது, பாராட்டு இருந்தது, தட்டுகள் மட்டும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1977 ஜூலையில் மகள் பிறந்தாள். நவம்பர் 27 அன்று லண்டனில் ராயல்டி அரங்கில் கச்சேரி செய்தார். அவர் லண்டனில் செய்த கடைசிக் கச்சேரி அது.

1978 மார்ச் கடைசியில் கார்ன்வாலில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது விழுந்து தலையில் அடிபட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி, தாம் வசித்த பைஃபீல்ட் என்ற கிராமத்தின் பொதுக்கூடத்தில், தர்ம காரியத்துக்காக ஒரு கச்சேரியில் பாடினார். உலகறிந்த பாடகி, கிராமத்துக் கூடத்தில், அக்கம்பக்கத்தார் முன்னால். அன்று கடைசியாகப் பாடியது, காலம் எங்கே போகிறது என்ற அந்தப் பாட்டு. ஏப்ரல் 21ஆம் தேதி, மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். மாடிப்படியைப் பற்றி இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அடக்கத்தின்போது, போரில் மாண்டவர்களுக்கான பழைய ஸ்காட்லாந்துப் பாட்டு ஒன்றைப் பைக்குழலில் வாசித்தார்கள். பட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் முதலில் ‘தி லேடி’ என்றும், அதன் கீழே பெயரும் பொறித்திருக்கிறார்கள். அது அவர் எழுதிய பாட்டொன்றின் பேர்.

அத்தை 2011 மாசியில் போனார். வாசலில் ஒலிபெருக்கி கட்டி, பதிவுசெய்த பாட்டைப் போட்டார்கள். வயதான பெண்கள் சுற்றி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஒருவரும் பாடவில்லை. யாருக்கும் சொல் வரவில்லை. எத்தனையோ வீட்டுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவருக்கு, எடுத்துக் கொடுக்க அன்று ஆள் இல்லை. பாடத் தெரிந்தவர் நடுவில் படுத்திருந்தார்.

அந்தக் கேசட் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். ‘லீஜ் அண்டு லீஃப்’ நாற்பத்தொரு நிமிடம். கடைசிப் பாட்டு ‘கிறுக்கன் மைக்கேல்’. காகம் சொன்ன கெட்ட குறியால் வெறிகொண்டு, தன் காதலியையே குத்திவிட்டுக் காட்டில் திரிகிறவனைப் பற்றியது. சொல் ரிச்சர்ட் தாம்ப்ஸனுடையது, மெட்டு ஸ்வார்பிரிக்கினுடையது. அது முடிந்ததும் டேப் வெறுமனே ஓடும். அன்று ஆடிக்காற்றில் அத்தை கேட்டார்: “இன்னும் சுற்றுகிறதே, பாட்டு இல்லையா?” மிச்ச இடம் காலி என்றேன். “காலியாகவா விட்டுவைப்பது?” என்றார். எதையும் வீணாக்கப் பிடிக்காதவர். நான் பின்னுக்குச் சுற்றி, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஒப்பாரியைப் பாடச் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டு, தாலாட்டு எடுத்தார்.

இப்போதும் போட்டுக் கேட்கிறேன். சாண்டியின் குரல் அடங்குகிறது. பிடில் அடங்குகிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம். தென்னை ஓலை அடித்துக்கொள்கிறது, மாட்டின் கழுத்துமணி ஒருமுறை அசைகிறது. முறத்தைத் தள்ளிவைக்கும் உரசல். தொண்டையைச் சரிசெய்துகொண்டு அத்தை தொடங்குகிறார், அவசரமே இல்லை. நான்கு நிமிடத்தில் மூன்று கண்ணி முடிகிறது. நான்காவது கண்ணியில், ‘கடலைக்காட்டு வரப்பினிலே கால்நோக வந்தவளே’ என்று ஒருமுறை பாடி, மறுபடி ‘கடலைக்காட்டு’ என்று எடுக்கிறார். அங்கே டேப் தீர்ந்துவிடுகிறது.